தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

பெரிய கோயிலுக்குப் போவதென்றால் மாலையில் போங்கள், அதுவும் அவசரமில்லாமல் போங்கள். சுற்றுலா வேனில் வருகிறவர்கள் பெரும்பாலும் காலையில் திருச்சியையோ கும்பகோணத்தையோ முடித்துவிட்டுப் பதினொன்றரை மணி வெயிலில் வந்து இறங்குகிறார்கள். நடை சாத்தும் நேரம் நெருங்கிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாக உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, கல்லில் கால் வைக்க முடியாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, நந்தி முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கேட்டால் பெரிய கோயில் பார்த்தாயிற்று என்பார்கள். ஆயிரம் ஆண்டு நிற்கிற கோயிலுக்கு நாற்பது நிமிடம் போதாது, குறைந்தது மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். மாலை நாலரையிலிருந்து எட்டு வரை இருந்தால் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதை வெளிச்சத்திலும், விளக்கொளியில் பார்க்க வேண்டியதை விளக்கொளியிலும் பார்த்துவிடலாம்.

பகல் பன்னிரண்டரைக்குச் சாத்தும் நடை நான்கு மணிக்குத் திறக்கிறது, இரவு எட்டரை வரை இருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. நான்கு அடித்ததுமே போய் நிற்க வேண்டியதில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் ஐந்தரைக்கு முன்னால் முற்றத்துக் கல் ஆறியிருக்காது, தேங்காய்நார் விரிப்பு போட்டிருந்தாலும் குழந்தைகள் விரிப்பை விட்டு ஓடாமல் இருப்பார்களா? அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குப் பழைய காலுறை ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டி தாத்தாவுக்கும்தான். ஐப்பசியிலிருந்து மாசி வரை நாலரைக்கே போய்விடலாம், போகத்தான் வேண்டும், ஏனென்றால் மார்கழியில் ஆறு மணிக்குள்ளேயே பொழுது சாய்ந்துவிடும். ஆனி, ஆடியில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

எந்த நாள் என்பதும் முக்கியம். கைக்குழந்தையோ முழங்கால் வலிக்காரர்களோ கூட வருகிறார்கள் என்றால் காலண்டரில் பிரதோஷம் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதோஷத்தன்று மாலை நாலரை வாக்கில் தொடங்கி நந்திக்கு அபிஷேகம் நடக்கும், பால், மஞ்சள், சந்தனம் என்று ஒவ்வொன்றாக அந்தக் கரிய கல் நிறம் மாறிக்கொண்டே வருவதைப் பார்க்கவென்று ஊரே திரண்டுவிடும். சனிப் பிரதோஷம் என்றால் முற்றத்தில் நடக்க இடம் இருக்காது. கூட்டத்தைப் பற்றிக் கவலையில்லாதவர்களுக்கு அதைவிட நல்ல நாள் வேறு இல்லை, ஆனால் அன்றைக்குச் சிற்பம் பார்க்கிற எண்ணத்தை விட்டுவிட வேண்டும், இரண்டும் சேர்ந்து நடக்காது. மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காய்கறி, பழ அலங்காரம், ஐப்பசிப் பௌர்ணமியில் மூலவர் பெருவுடையாருக்கு அன்னாபிஷேகம், அதே ஐப்பசியில் சதய நட்சத்திரத்தன்று ராஜராஜனுக்குச் சதய விழா. வெளியூர்க்காரர்கள் இந்த நாட்களுக்கு வருவதென்றால் தங்க இடத்தை முன்னாலேயே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வார நாள் மாலைதான் என் தேர்வு.

வந்து சேருவது சுலபம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், ரயிலடியிலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடத்துக்குள். வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் புதுப் பேருந்து நிலையத்தில்தான் விடும், அது ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து டவுன் பஸ் ஏறிக்கொள்ள வேண்டும். தண்ணீர் பாட்டில், சின்னத் துண்டு, முடிந்தால் ஒரு பைனாகுலர், கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் கைவிளக்கு, இவ்வளவு போதும். பெரிய பைகளை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். செருப்பைக் கடையில் விடும்போது எல்லோருடையதையும் ஒரே பையில் போட்டு ஒரே டோக்கனாக வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும்போது இருட்டில் ஆளுக்கொரு டோக்கனைத் தேட வேண்டாம்.

அகழியைத் தாண்டி உள்ளே போனதும் முதலில் வருகிற பெரிய கோபுரம் கேரளாந்தகன் திருவாயில். ராஜராஜன் சேரரை வென்றதன் பெயரில் நிற்பது. அதைக் கடந்தால் ராஜராஜன் திருவாயில். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இந்த வாசலைக் கடந்துவிடுகிறார்கள், நீங்கள் குனிந்து பாருங்கள். சுவரின் கீழ்வரிசையில் சாண் உயரத்துக்கும் முழ உயரத்துக்குமாகச் சிறு சிறு சிற்பங்களில் கதைகள் ஓடுகின்றன: மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பான், கண்ணப்பர் இருப்பார், வில்லோடு அர்ச்சுனன் இருப்பான். குழந்தையின் கண்மட்டத்தில் இருக்கிற சிற்பங்கள் இவை. கதை தெரிந்த பாட்டியை இங்கே முன்னால் விடுங்கள், பத்து நிமிடம் தாராளமாகப் போகும். இருபக்கமும் நிற்கிற துவாரபாலகர்கள் ஒவ்வொருவரும் ஒரே கல்லில் ஆனவர்கள். இங்கும் உள்ளே விமானத்து (கருவறை மேல் எழும் கோபுரம்) வாசல்களிலும் இப்படி நிற்கிறவர்களின் காலடியையும் கதாயுதத்தையும் பார்த்துக்கொண்டே வந்தால் யானையை விழுங்கிக்கொண்டிருக்கும் பாம்பு கண்ணில் படும். யானையே பாம்பின் வாய்க்குள் அடங்குகிறது என்றால் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பே காலடியில் கிடக்கிறது என்றால் இவர் எவ்வளவு பெரியவர், இவரே வாசலில் காவல் நிற்கிறார் என்றால் உள்ளே இருப்பவர்? இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் கேள்வியாகக் கேளுங்கள், பதிலை அவர்களே சொல்வார்கள்.

அடுத்து நந்தி. ஒரே கல், நாயக்கர் காலத்தது, மண்டபமும் பின்னால் வந்ததுதான். சோழர் காலத்து நந்தி என்று சொல்லப்படுவது தெற்குத் திருச்சுற்றில் சற்று ஒதுக்கமாக இருக்கிறது, அதையும் போகிற வழியில் காட்டுங்கள். நந்தி மண்டபத்தின் விதானத்தில் வண்ண ஓவியம் உண்டு, நந்தியையே பார்த்துக்கொண்டிருப்பதால் மேலே யாரும் பார்ப்பதில்லை.

இங்கேதான் வழக்கமான வாக்குவாதம் தொடங்கும். முதலில் சாமியா, சுற்றிப் பார்ப்பதா? வீட்டுப் பெரியவர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் சன்னதிக்குள் எப்போதும் விளக்கு வெளிச்சம்தான், ஏழு மணிக்குப் போனாலும் அதே தரிசனம்தான். வெளிச்சுவர் அப்படியில்லை, வெயில் போய்விட்டால் போனதுதான். அதனால் நந்தியிடம் நின்று பெருவுடையாரை நேராகப் பார்த்துக் கும்பிட்டு உத்தரவு வாங்கிக்கொண்டு, முதலில் வெளியே வலம் வாருங்கள். இதை அம்மாவிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கோயில் கிழக்கு பார்த்தது. மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும், வாசலில் நின்று எடுக்கிற படத்தில் 216 அடி விமானமும் கருப்பாகத்தான் விழும். எல்லோரும் அந்த இடத்திலேயே நின்று செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் அங்கே நேரம் போக்க வேண்டாம். பின்பக்கம், மேற்கு முற்றத்துக்குப் போங்கள். சாயங்கால வெயில் முழுக்க அங்கேதான் விழுகிறது, பகலில் சாம்பலும் பழுப்புமாகத் தெரிகிற கல் அந்த அரை மணி நேரத்துக்குத் தேன் நிறமாக மாறும். குடும்பப் படத்தை அங்கே எடுங்கள், தென்மேற்கு மூலைப் பிள்ளையார் பக்கம் தள்ளி நின்றால் விமானம் முழுதாக அடங்கும். இன்னொன்றும் உண்டு. மார்கழி, தையில் சூரியன் தென்மேற்கில் இறங்குவதால் தெற்குச் சுவரில் வெயில் சாய்வாக விழும். ஆனி, ஆடியில் வடமேற்கில் இறங்குவதால் அது வடக்குச் சுவருக்குக் கிடைக்கும். சாய்ந்த வெயில்தான் சிற்பத்துக்கும் எழுத்துக்கும் உகந்தது, ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து பகலில் மழுங்கலாகத் தெரிந்த எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். நீங்கள் போகிற மாதத்தைப் பார்த்து எந்தச் சுவரில் அதிக நேரம் நிற்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கோயிலில் பாதிப் பேர் தவறவிடுவது எழுத்துகளைத்தான், எனக்கு இங்கே எல்லாவற்றையும்விடப் பிடித்ததும் அவைதான். விமானத்தின் அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. வரிசை பிசகாமல், செதுக்கியவரின் கை நடுங்காமல், ஒவ்வொரு எழுத்தும் விரல் நீளத்துக்கு இருக்கும். பழைய தமிழ் நமக்குப் புரியாது என்று ஒதுங்காதீர்கள். பிள்ளைகளை அருகில் நிறுத்தி ப எங்கே, ட எங்கே, ய எங்கே என்று தேடச் சொல்லுங்கள், இன்றைய உருவத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும் அந்த எழுத்துகளைத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், அதனால் மெய்யா உயிர்மெய்யா என்று நாமே யூகித்துக்கொள்ள வேண்டும், அதுவே அவர்களுக்கு நல்ல விளையாட்டு. கையால் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆயிரம் ஆண்டாக நிற்கிற எழுத்தை நம் விரல் எண்ணெய் தேய்க்க வேண்டாம்.

அந்த எழுத்துகளில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" மற்றவர்கள் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது அப்படியே இருக்கிறது. அக்கன் என்றால் அக்கா குந்தவை. பேரரசன் கட்டிய கோயிலில் அக்கா கொடுத்ததும் மனைவிமார் கொடுத்ததும் பெயரோடு நிற்கிறது. அவனுடைய 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-ல், விமானத்தின் உச்சிக் கலசத்துக்குப் பொன் போர்த்திய செப்புக்குடம் கொடுத்ததும் எழுத்தில் இருக்கிறது. கோயிலில் ஆடவும் பாடவும் வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் இந்தக் கோயில் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கிறது, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இதை உங்கள் வீட்டுப் பெண் குழந்தைக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

அண்ணாந்து பார்க்கும்போது இரண்டு கட்டுக்கதைகளைத் திருத்திவிடுங்கள், ஏனென்றால் பள்ளிக்கூடத்திலும் வாட்ஸப்பிலும் அவற்றைக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது உண்மையில்லை. மாலை ஐந்து மணிக்குக் கிழக்கு முற்றத்தில் நின்றால் நீங்கள் நிற்பதே அதன் நிழலில்தான், காலால் அதன் ஓரத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதும் அப்படித்தான், பல கற்களைச் சேர்த்துப் பொருத்தியதுதான் அது. இந்தக் கதைகள் போய்விட்டால் பெருமை குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சுற்றிலும் வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத டெல்டா மண்ணில், மலையே இல்லாத ஊருக்கு, இவ்வளவு கருங்கல்லையும் வெளியிலிருந்து கொண்டுவந்து பதின்மூன்று நிலை அடுக்கி, உள்ளே கூடாக விட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்ற உண்மையே போதும். பைனாகுலர் இருந்தால் இங்கே எடுங்கள். சிகரத்தின் கீழே மூலைக்கு இரண்டாக எட்டு நந்திகள், வடக்கு முகத்தில் தொப்பி போட்ட மனிதர் உருவம் ஒன்று (பிற்காலத் திருப்பணியில் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து), பொந்துகளில் போவதும் வருவதுமாகக் கிளிகள். மேல்வரிசை மாடங்களில் வில் பிடித்து நிற்கும் திரிபுராந்தகர் திரும்பத் திரும்ப வருவார், எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னால் சின்னவர்கள் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருப்பார்கள்.

மேற்கு, வடக்குத் திருச்சுற்று மாளிகையில் வரிசையாக லிங்கங்களும் அவற்றின் பின்னே மராட்டியர் கால ஓவியங்களும் இருக்கின்றன. தென்மேற்குப் பக்கம் சுவரில் மராட்டி மொழியில், தஞ்சையை ஆண்ட மராட்டியரான போன்சலே வம்சத்தின் வரலாறு, இரண்டாம் சரபோஜி காலத்தில் 1803-ல் வெட்டியது. போகிற போக்கில் பார்த்தால் போதும்.

வடமேற்கில் இருக்கும் சுப்பிரமணியர் கோயிலை மட்டும் போகிற போக்கில் விட்டுவிடாதீர்கள். நாயக்கர் காலம். பெரிய விமானத்தைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னதாகத் தெரியும், அதனாலேயே பலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தூண் பக்கமாக ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். சுவரோடு ஒட்டிய அரைத்தூணில் பட்டை பட்டையாக இறங்கும் வேலைப்பாடு, கொடிச்சுருளுக்கும் சுவருக்கும் நடுவே நூல் நுழைகிற இடைவெளி, அவ்வளவும் மரமில்லை, கல். பெரிய விமானத்தில் சோழர்கள் கல்லை அடுக்கிக் காட்டியதற்கும் இங்கே நாயக்கர் காலத்துச் சிற்பிகள் கல்லைக் குடைந்து காட்டியதற்கும் உள்ள வித்தியாசம் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். வெளிச்சம் மங்கும் முன் இங்கே வந்துவிடப் பாருங்கள்.

இனி தரிசனம். பெரியநாயகி அம்மன் சன்னதி வடக்குப் பக்கம் தெற்கு நோக்கி இருக்கிறது, அங்கே கும்பிட்டுவிட்டுப் பெருவுடையாருக்கு வரலாம். படிகள் கொஞ்சம் அதிகம், உயரமாகவும் இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக மெதுவாக ஏறட்டும். முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள், நந்தி மண்டபத்து வாசலில் உட்கார்ந்து நேராகப் பார்த்தாலே உள்ளே தீபாராதனை காட்டுவது தெரியும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அங்கிருந்தே கும்பிடலாம். உள்ளே நீண்ட மண்டபம், இருட்டு, வௌவால் வாடை கொஞ்சம் இருக்கும், குழந்தைகளுக்கு முன்பே சொல்லி வைத்தால் பயப்பட மாட்டார்கள். பன்னிரண்டு அடிக்கு மேல் உயர்ந்த லிங்கம். மேலே சாத்திய வேட்டியும் மாலையும் விளக்கொளியும் சேர்ந்து தெரியும்போது கைக்குழந்தைகூட அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும். செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள், கருவறையைப் படம் எடுக்கக் கூடாது. வராகி அம்மன் சன்னதியில் பஞ்சமியன்று கூட்டம் நிறையவே இருக்கும், அதற்காக வருகிறவர்கள் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

வெளியே வரும்போது இருட்டியிருக்கும், விமானத்துக்கு விளக்கு போட்டிருப்பார்கள். இப்போது உட்காருங்கள். கோயில் முற்றம் ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம், தஞ்சாவூர்க்காரர்களுக்கு மாலையில் காற்று வாங்குகிற இடமும் இதுதான். பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், எதிரில் கல்யாணம் பேச வந்த இரண்டு குடும்பம், தள்ளி ஓய்வுபெற்றவர்கள் நான்கு பேர் என்று ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் துண்டை விரித்து அரை மணி நேரம் இருங்கள். சிப்ஸ் பாக்கெட் எல்லாம் உள்ளே வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும், பசி தாங்காத குழந்தைக்கு ஏதாவது கொடுத்தால் காகிதத்தை மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓடிப் பிடித்து விளையாட விடலாம், ஆனால் கருங்கல் தரை, விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும், புல்தரைப் பக்கமாக விடுங்கள்.

எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், எட்டரைக்கு எல்லோரும் ஒன்றாக வெளியே வரும்போது செருப்புக் கடையிலும் ஆட்டோவுக்கும் நெரிசல். வாசலில் பனங்கிழங்கு, வேகவைத்த கடலை கிடைக்கும், பருவத்தைப் பொறுத்தது. தலையாட்டி பொம்மை வாங்குவதென்றால் கடையிலேயே ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள், உருண்டை அடியுள்ள ராஜா ராணி பொம்மை எந்தப் பக்கம் சாய்த்தாலும் தானாக நிமிர வேண்டும், நடனப் பெண் பொம்மையென்றால் தலை, இடுப்பு, பாவாடை மூன்றும் தனித்தனியாக ஆட வேண்டும், ஒன்று ஆடாமல் சிக்கினால் வேறு கேளுங்கள். களிமண், காகிதக்கூழில் செய்தது, பேருந்தில் கொண்டுபோகத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

இரவு ஊரிலேயே தங்குகிறவர்கள் காலை ஆறு மணிக்கு இன்னொரு முறை வந்துவிடுங்கள், ஒரு மணி நேரம் போதும். மாலையில் கருப்பாக விழுந்த கிழக்கு முகத்தில் அப்போது நேராக வெயில் படும். வாசலில் நின்று எடுக்க முடியாமல் போன அந்தப் படத்தை அப்போது எடுத்துக்கொள்ளலாம், கல்லும் சில்லென்று இருக்கும்.